பறக்கும் கார் தூக்கினால் மூக்கு திரும்புகிறது, அவசர உதவி தேவை

சக்கரப்பறவை: நாங்க கட்டின பறக்கும் காரோட முதல் மாதிரியை முதல் தடவை தூக்கிப் பார்க்கிற வேலை நடக்குது. உள்ளே ஆள் இல்லை, நாலு மூலையிலும் சங்கிலி. தரையில் எல்லாம் சரி. த்ராட்டில் (மோட்டாருக்குப் போற விசை) ஏத்தினதும் மூக்கு வலப்பக்கம் போய், வண்டி வட்டமடிக்கப் பார்க்குது. மோட்டார், பிராப் (சுழலும் விசிறி) எல்லாம் செக் பண்ணியாச்சு. ஞாயிற்றுக்கிழமை மறுபடி சோதனை. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நட்டுபோல்ட்: எத்தனை மோட்டார்? எடை? எந்த கன்ட்ரோலர் (மோட்டார்களை இயக்கி வண்டியை நிலையா வைக்கிற கம்ப்யூட்டர்)? மூக்கு எந்தத் திசையில இருக்குன்னு அதுக்குச் சொல்ற காம்பஸ் எங்கே மாட்டியிருக்கு?

மேகத்துளி: அதிர்வுதான், சந்தேகமே வேண்டாம். பெரிய பிராப் மெதுவாச் சுத்தும், அதிர்வெண் கீழே இறங்கிடும். சின்ன ட்ரோனுக்கு வைக்கிற ஃபில்டர் அதைப் பிடிக்காது. கன்ட்ரோலர் எழுதி வைக்கிற பதிவான லாக்ல வைப், அதாவது அதிர்வு அளவு, 30-ஐத் தாண்டுதா பாருங்க. 60 போனா பறக்கவே கூடாது.

பழையகை: தம்பி, லாக் இல்லாம கேள்வி போடாதீங்கன்னு இங்கே எத்தனை தடவை சொல்றது? மூணு மாசம் படிச்சிட்டு வண்டியைத் தூக்கணும். காரணம் வண்டியோட இரும்பு ஃபிரேம், அது காம்பஸை இழுக்குது. காம்பஸை மறுபடி காலிபரேட் பண்ணுங்க (அளவைச் சரிப்படுத்துங்க), போதும்.

சக்கரப்பறவை: எட்டு மோட்டார், 410 கிலோ, 400 வோல்ட் பேட்டரி, கன்ட்ரோலர்ல ஆர்டுபைலட் சாஃப்ட்வேர். காம்பஸ் டேஷ்போர்டுக்கு அடியில். லாக் ராத்திரி போடுறேன்.

நட்டுபோல்ட்: டேஷ்போர்டுக்கு அடியிலா! பேட்டரி கேபிளும் அந்த வழிதானே? ஒத்தைக் கம்பியில 200 ஆம்பியர் ஓடினா, 20 செ.மீ. தள்ளி 200 மைக்ரோடெஸ்லா வரும். பூமியோட காந்தப்புலமே 25-க்கும் 65-க்கும் நடுவுலதான். பழையகை ஐயா, ஃபிரேமோட இரும்பு எப்பவும் ஒரே மாதிரி இழுக்கும், அதைக் காலிபரேஷன் கழிச்சிடும். கரன்ட் த்ராட்டிலோட ஏறி இறங்குதே, அதை எப்படிக் கழிக்கும்? லாக்ல காந்தப்புல அளவையும் கரன்டையும் ஒரே படத்துல போடுங்க. ரெண்டும் சேர்ந்து ஏறினா விஷயம் அதேதான். ப்ளஸ், மைனஸ் ரெண்டையும் சேர்த்து முறுக்கிக் கொண்டுபோங்க, ஒண்ணோட புலத்தை இன்னொண்ணு அடிச்சிடும். தனித்தனி வழியில விட்டிருந்தா வண்டியே ஒரு பெரிய காந்தச் சுருள். சங்கிலியும் தொய்வா இருக்கணும். இறுக்கமா இருந்தா வண்டி அசையாது, கன்ட்ரோலர் திருத்தத்தைச் சேர்த்துக்கிட்டே போகும், சங்கிலி விட்டதும் மொத்தமா எகிறும்.

இறக்கைராசா: எட்டு மோட்டார் எதுக்கு? இறக்கை போதும். டெய்லரோட ஏரோகார்னு இறக்கை வச்ச கார் 1949-லேயே பறந்தது, 1956-ல சான்றிதழும் வாங்குச்சு. 2021 ஜூன் 28-ல கிளைன் விஷன் கம்பெனியோட ஏர்கார் ஸ்லோவாக்கியாவுல நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிஷத்துல போச்சு.

மேகத்துளி: ரெண்டு ஊரிலும் விமான நிலையம் இருந்ததால போச்சு. ஓடுபாதை இல்லாத இடத்துல எழும்புறதுக்குத்தானே ரோட்டர்?

இறக்கைராசா: மேலே மோட்டார் நின்னா? இறக்கை இருந்தா சறுக்கியாவது இறங்கலாம்.

பழையகை: எட்டுல ஒண்ணு நின்னா மத்த ஏழு தாங்கணும், அப்படித்தான் வடிவமைக்கணும். அடிப்படைகூடத் தெரியாம வாதம் பண்ணாதீங்க.

நட்டுபோல்ட்: இறக்கைச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்க, ரெண்டு பேரும். இவருக்கு ஞாயிறு சோதனை இருக்கு. சக்கரப்பறவை, லாக் எங்கே?

சக்கரப்பறவை: கேபிளை முறுக்கி, காம்பஸை வால்பக்கம் கம்பத்துல ஏத்தியாச்சு. மூக்கு நேரா நிக்குது. வைப் மட்டும் 40 காட்டுது. நன்றி எல்லாருக்கும்.

மேகத்துளி: 40-ஆ? சங்கிலியைக் கழட்டிடாதீங்க. ஃபில்டர் என்ன வச்சிருக்கீங்க? லாக்கைப் போடுங்க.