மேல்மாடியில் விடியற்காலையில் ஓடும் கிரைண்டர்: முகம் முறியாமல் தீர்த்துக்கொள்ள வழி உண்டா?

கேள்வி (இரண்டாம் தளத்துக் குடும்பத் தலைவி, காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி சுப்பிரமணியபுரம் பகுதியில் மூன்று தளங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் நாங்கள் வசிக்கிறோம். பள்ளத்தூரில் இருந்த பூர்வீக வீட்டைப் பங்காளிகள் அனைவரும் சேர்ந்து பராமரிக்க இயலாத நிலை ஏற்பட்டதால், மருத்துவமனைக்கும் கடைவீதிக்கும் பக்கமாக இருக்கட்டும் என்று மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு இங்கே குடிவந்தோம்.

எங்களுக்கு நேர் மேலே குடியிருக்கும் ஆச்சி, விசேஷ வீடுகளுக்குக் காலைப் பலகாரம் செய்து கொடுக்கிறார். முகூர்த்த நாட்களில் விடியற்காலை மூன்றரை மணிக்கெல்லாம் அவர் வீட்டு டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை எடுக்கும் பெரிய கிரைண்டர்) ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுவதைக் காட்டிலும் உடம்பில்தான் அதிகம் உணரப்படுகிறது. மாமனாரின் கட்டிலருகே முக்காலியில் வைத்திருக்கும் தண்ணீர்ச் செம்பின் மூடி, கிரைண்டர் நிற்கும் வரை கிணுகிணுவென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவருக்கு இடையில் முறியாத தூக்கம் அவசியம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை விழித்துவிட்டால் பொழுது விடியும் வரை அவர் உட்கார்ந்தே இருக்கிறார்.

என் கணவர் மாடிப்படியில் பார்த்தபோது ஆச்சியின் மகனிடம் சொன்னார். சில நாட்கள் சத்தம் குறைந்திருந்தது. பிறகு பழையபடியே தொடர்கிறது. குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் சொன்னால், "உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். காவல் நிலையத்துக்குப் போகும்படி உறவினர்கள் தூண்டுகிறார்கள். ஆச்சியின் கைவேலையை நம்பித்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக, எழுபது வயதைக் கடந்த நோயாளியின் தூக்கத்தை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. இதற்கு என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (கட்டடப் பொறியாளர், தேவகோட்டை)

சகோதரி, நீங்கள் எழுதியதில் செம்பு மூடி அதிர்கிறது என்ற ஒரு செய்தியே எனக்குப் போதுமானது. உங்கள் வீட்டுக்கு வரும் சத்தம் காற்று வழியாக வருவது குறைவு. கான்கிரீட் தளத்தின் வழியாக வருவதே அதிகம். இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். கிரைண்டர் ஓடும்போது சன்னல், கதவு அனைத்தையும் சாத்திப் பாருங்கள். சத்தம் குறையவில்லை என்றால், அடுத்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். சுவர் துடிப்பது கையில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பள்ளத்தூர் வீட்டில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அங்கே ஆட்டுக்கல்லும் அம்மியும் அடுப்படித் தரையில், மண்ணின் மீது உட்கார்ந்திருந்தன. அரைக்கும் அதிர்வு முழுவதும் நிலத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சிய சத்தம் வளவின், அதாவது நடுமுற்றத்தின், திறந்த வானத்தை நோக்கிப் போய்விடும். படுத்திருப்பவருக்கும் அடுப்படிக்கும் இடையே இரண்டு கட்டுகளும் (வீட்டின் பகுதிகளும்) கனத்த சுவர்களும் இருக்கும். இப்போதைய குடியிருப்புகளில் ஒருவருடைய தரையே இன்னொருவருடைய கூரை. ஏறத்தாழ ஐந்து அங்குலக் கனமுள்ள அந்தத் தளத்தின் மீது, சுழலும் கற்களும் மோட்டாரும் கொண்ட கனமான இயந்திரத்தை நேரடியாக நிறுத்தினால், தளம் முழுவதும் அதிரும் பலகையாகிவிடுகிறது.

ஆகவே, உங்கள் வீட்டுக்குள் செலவு செய்வதால் அதிகப் பயன் இருக்காது. பொய்க்கூரை போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரணப் பொய்க்கூரை, தளத்தில் தொங்குகிற கம்பி வழியாகவே அதிர்வை வாங்கிக் கீழே கொடுத்துவிடும். காதில் வைக்கும் பஞ்சும் கீச்சொலியைத் தடுக்கும் அளவுக்கு இந்த உறுமலைத் தடுப்பதில்லை. மாமனாரின் கட்டிலைச் சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளிப் போடுவதும், இயன்றால் வேறு அறைக்கு மாற்றுவதும் இப்போதைக்கு ஓரளவு உதவும்.

மருந்து போட வேண்டிய இடம் மேல்வீடுதான். முதலில் அந்தக் கிரைண்டர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் நெளியும் இடம். அங்கிருந்து நகர்த்தித் தூணும் உத்திரமும் சேரும் மூலைக்கு அருகே, சுவரைத் தொடாமல் வைத்தாலே வேறுபாடு தெரியும். அடுத்து, தரையில் கனத்த ரப்பர் துண்டுகள், அவற்றின் மேல் ஒரு கடப்பாக் கல் பலகை, பலகையின் மேல் மறுபடியும் ரப்பர், அதற்கும் மேலே கிரைண்டர் என்று அடுக்க வேண்டும். மெல்லிய கால்மிதியைப் போட்டுவிட்டு "ரப்பர் போட்டுவிட்டோம்" என்று சொல்வதில் பொருளில்லை. பெல்ட் தளர்ந்திருந்தாலோ பேரிங் தேய்ந்திருந்தாலோ இயந்திரம் இன்னும் அதிகமாக அதிரும். மெக்கானிக்கை அழைத்து அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் பேச்சு சுமுகமாகத் தொடங்கும் என்பது என் கருத்து.

பதில் 2 (குடியிருப்புச் சங்கம் ஒன்றின் உறுப்பினர், காரைக்குடி)

இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடக்கிறது என்று மின்வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்; மறுநாளே எல்லாம் அடங்கிவிடும்.

பதில் 3 (ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர், காரைக்குடி)

மேலே உள்ள யோசனையை நான் வன்மையாக மறுக்கிறேன். உங்கள் குறை தூக்கம் பற்றியது. மின்வாரியத்துக்கு எழுதுவது அந்தக் குறையைத் தீர்க்காமல் பகையை மட்டும் வளர்க்கும். அதற்குப் பிறகு அதே மாடிப்படியில் தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல்; இரவு நேர அளவு 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த அளவை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மீறினாலோ, இரவு நேரக் கட்டுப்பாடுகளை மீறினாலோ, உரிய அதிகாரியிடம் முறையிடலாம். மாவட்ட ஆட்சியரும், காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிகளும் அந்த அதிகாரம் பெறக்கூடியவர்கள். கோயில் திருவிழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கிக்கு அரசு தளர்வு அளிக்கலாம் என்பதும் இதே விதிகளில்தான் இருக்கிறது. ஆகவே பங்குனியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடுவதை உதாரணம் காட்டி, "அதைப் பொறுத்துக்கொள்கிறீர்களே" என்று யாராவது வாதிட்டால், அது வேறு கணக்கு.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அந்த அளவுகள் ஒரு பகுதியின் சுற்றுப்புற ஒலிக்காக வகுக்கப்பட்டவை. தளத்தின் வழியாக இறங்கும் உறுமல், தெருவில் நின்று அளந்தால் மிகச் சாதாரணமாகத் தெரியும்; படுக்கையறையிலோ அது ஒருவரை எழுப்பப் போதுமானது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் படுக்கையறைக்குள் 30 டெசிபல் போதும் என்று சொல்கிறது. அது பரிந்துரையே தவிர நம் நாட்டுச் சட்டம் ஆகாது. பொதுத் தொல்லை என்ற பிரிவின் கீழ்க் கோட்டாட்சியரிடம் போவதும் ஒரே ஒரு வீடு பாதிக்கப்படும்போது எளிதில் நிற்காது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம் என்றாலும், அதற்கு ஆகும் காலத்தை நினைத்தால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே முதலில் சங்கத்துக்கு எழுத்து மூலமாகக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் செயலாளர் ஒதுங்கிக்கொள்ளலாம். கடிதமாகக் கொடுத்தால் அதைக் கூட்டத்தில் வைக்கும்படி கேட்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, உரிமையாளர் சங்கத்தையும் துணைவிதிகளையும் (சங்கம் தனக்கென வகுத்துக்கொள்ளும் விதிகளையும்) முக்கியமாகக் கருதுகிறது. "இரவு பத்து முதல் காலை ஆறு வரை தளத்தை அதிரவைக்கும் இயந்திரங்களை இயக்கக் கூடாது" என்று துணைவிதியில் சேர்த்துவிட்டால், அது ஆச்சியை மட்டும் குறிவைத்ததாக இராது. எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது நின்றது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் கணக்கு நீதிமன்றத்தில் எளிதில் நிற்காது என்றாலும், பேச்சுவார்த்தையில் பயன்படும்.

அப்படியும் முடியவில்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். காவல் நிலையப் படியேறுவதைவிட அது எவ்வளவோ கண்ணியமானது.

பதில் 4 (பலகாரத் தொழில் செய்பவர், கானாடுகாத்தான்)

தங்கச்சி, நானும் பல வருடங்களாக இதே தொழில் செய்பவள் என்பதால், மேல்வீட்டு ஆச்சியின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முகூர்த்த வீட்டில் காலைப் பந்தி ஆறரை, ஏழு மணிக்கே தொடங்கிவிடும். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். மாவு புளித்துவிட்டால் பணியாரத்தின் ருசியும் நிறமும் போய்விடும் என்ற பயத்தில்தான் எல்லோரும் விடியற்காலையில் அரைக்கிறார்கள். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எண்ண வேண்டாம். அரைக்கிறவருக்கு அடுப்பு, எண்ணெய், ஆர்டர் என்று ஆயிரம் கவலை இருக்கும். தம் காலுக்குக் கீழே ஒருவர் படுத்திருக்கிறார் என்பது நினைவிலேயே வராது.

ஆனால் அதற்கு மாற்று இருக்கிறது. இரவு எட்டு மணிக்குள் அரைத்து, உப்புச் சேர்க்காமல், உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் எடுத்து உப்பைக் கலந்து ஊற்றினால் பணியாரம் வெள்ளையாகவே வருகிறது. நான் அப்படித்தான் செய்கிறேன். கந்தரப்பம் என்ற இனிப்புப் பலகாரத்தின் மாவுக்கும் இது ஒத்துவரும். வரமிளகாய்ச் சட்னியை மட்டும் காலையில் அரைத்துக்கொள்ளலாம், மிக்சியில் சில நிமிட வேலைதான். பெரிய ஆர்டர் என்றால் பெட்டியில் இடம் போதாது என்பது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது: நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ பெரிய வீடுகள் காவல்காரரை மட்டும் வைத்துப் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டாம் கட்டையோ பின்கட்டு அடுப்படியையோ குறைந்த வாடகைக்குக் கேட்டால், வீடு புழங்கட்டும் என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாதித் தொழில் அங்கே போய்விட்டால் அவருக்கும் வசதிதான்.

பேசப் போகும்போது ஆண்களை அனுப்பாதீர்கள். முகூர்த்தம் இல்லாத ஒரு நாள் பிற்பகலில் நீங்களும் மாமியாருமாகப் போங்கள். சத்தம் என்று சொல்லித் தொடங்காமல், மாமனாரின் உடல்நிலையைச் சொல்லித் தொடங்குங்கள். அவரைக் கீழே அழைத்துவந்து, மேலே கிரைண்டர் ஓடும்போது அந்தக் கட்டிலில் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

கேட்டவரின் மறுமொழி

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மாமியாரோடு போய்ப் பேசினேன். ஆச்சி கீழே வந்து உட்கார்ந்தார். மகனை மேலே கிரைண்டரைப் போடச் சொன்னார். செம்பு மூடியைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவா இறங்குது?" என்று கேட்டார். சிறிய ஆர்டர்களுக்கு முன்னிரவிலேயே அரைத்துவைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் நாட்களில் மட்டும் இயலாது என்கிறார். அந்த நாட்களில் ஐந்து மணிக்கு முன் தொடங்குவதில்லை என்று பேசியிருக்கிறோம். அதுவும் எங்களுக்கு முழு நிறைவு தரவில்லை என்பதால், துணைவிதி பற்றிய கடிதத்தைச் சங்கத்துக்கும் கொடுத்திருக்கிறேன். அதை ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கிரைண்டர் இப்போது நிற்பது தளத்தின் நடுவில்தான். மூலைக்கு மாற்றும்போது எந்த வகை ரப்பர் வாங்க வேண்டும் என்று பொறியாளர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 5 (கட்டடப் பொறியாளர், தேவகோட்டை)

மாவும் தண்ணீரும் நிறைந்த நிலையில் கிரைண்டரின் மொத்த எடையைச் சொல்லி, அந்த எடையில் சற்றே அமுங்கக்கூடிய, ஆனால் தட்டையாக நசுங்கிவிடாத அதிர்வுத் தாங்கி ரப்பர் வேண்டும் என்று கேளுங்கள். மோட்டார், பம்ப் உதிரிபாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மெத்தைக்குப் போடும் நுரைப் பஞ்சு உதவாது. பலகார வீட்டில் தரையில் எண்ணெய் சிந்திக்கொண்டே இருக்கும். சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறி இளகிவிடும் என்பதால் நைட்ரைல் அல்லது நியோப்ரீன் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கல் பலகை சுவரைத் தொடாமல் நான்கு புறமும் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். ஒரு மூலை சுவரில் இடித்தாலும் அதிர்வு அந்த வழியாக மறுபடியும் இறங்கிவிடும். முதல் நாள் ஓட்டும்போது நீங்கள் கீழே இருந்து சுவரில் கை வைத்துப் பார்த்து, ஆச்சியின் மகனுக்குக் கைப்பேசியில் சொல்லச் சொல்ல அவர் இடத்தைச் சரிசெய்து கொள்ளட்டும்.