முதல் லெவல் ஃபைட்டருக்கு எந்த ஆயுதம் அதிக டேமேஜ் தரும்?

சத்துவாச்சாரி வாள்வீரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடி காந்தி நகரில் ஒரு நண்பரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் சாகச விளையாட்டு) ஆடத் தொடங்கவிருக்கிறோம். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைப் பின்பற்றுகிறோம். குழுவில் ஒரு ரோக் (மறைந்து தாக்குபவர்), ஒரு கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்), ஒரு விசார்ட் (மந்திரவாதி) இருக்கிறார்கள். நான் வேரியன்ட் ஹ்யூமன் (முதல் லெவலிலேயே ஒரு ஃபீட், அதாவது சிறப்புத் திறன், பெறும் மனித வகை) ஃபைட்டர் (போர்வீரர்). ஸ்ட்ரெங்த் (வலிமை) 16, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 14. எங்கள் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) வேலூர்க் கோட்டையை மனத்தில் வைத்து முதல் சாகசத்தின் வரைபடத்தை வரைந்திருக்கிறார்: சுற்றிலும் அகழி, உள்ளே செல்ல ஒரே பாலம், மதிலின் மேலும் வாயிலுக்குள்ளும் கோப்ளின்கள் எனும் குட்டி அரக்கர்கள்.

இரு கைகளாலும் வீச வேண்டிய பெரிய வாளான கிரேட்ஸ்வோர்டுடன் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டை எடுத்துக்கொண்டால் டேமேஜில் எவரும் நெருங்க முடியாது என்கிறார் ஒரு நண்பர். கேடயமில்லாமல் முதல் லெவலில் பிழைக்கவே முடியாது என்கிறார் இன்னொருவர். இரண்டு ஷார்ட்ஸ்வோர்டுகள் போதும் என்பது மூன்றாமவரின் கருத்து. இவற்றில் எது சரி என்பதோடு, அதை எப்படிக் கணக்கிட்டு முடிவு செய்வது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, கணக்கிடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கைவந்துவிட்டால் அடுத்த ஆயுதத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியிராது. உங்கள் அட்டாக் போனஸ் (தாக்கும்போது பகடை எண்ணோடு கூட்டுவது) ஸ்ட்ரெங்த்துக்கு 3, பிராஃபிஷியன்ஸிக்கு (பயிற்சிக்கு) 2 என மொத்தம் 5. கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 15 என்பதால் இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 55 சதவீதம். அதற்குள் அடங்கிய 5 சதவீதம் கிரிட்டிக்கல் (பகடையில் 20 விழுவது). அப்போது ஆயுதப் பகடைகள் மட்டுமே இரட்டிப்பாகும், கூட்டப்படும் போனஸ் இரட்டிப்பாகாது.

இதை வைத்துப் பாருங்கள். கிரேட்ஸ்வோர்டின் இரண்டு அறுமுகப் பகடைகளின் சராசரி 7. 1, 2 விழுந்தால் ஒருமுறை மீண்டும் உருட்ட அனுமதிக்கும் கிரேட் வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைலை எடுத்தால் அது 8.33 ஆகும். தவறிப்போகும் அடிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 6.65 கிடைக்கிறது. லாங்ஸ்வோர்ட், கேடயம், டூயலிங் ஸ்டைல் (ஒற்றைக் கை ஆயுதத்துக்கான சண்டைப் பாணி) மூன்றும் சேர்ந்தால் 5.45. டூ வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைலோடு இரண்டு ஷார்ட்ஸ்வோர்டுகள் 7.5 தருகின்றன. சராசரியை மட்டும் பார்த்தால் உங்கள் மூன்றாவது நண்பர்தான் வெல்கிறார்.

ஆனால் சராசரி இங்கே போதாது. கோப்ளினுக்கு இருப்பது 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). அதற்கு 20 டேமேஜ் கொடுப்பது செத்த பாம்பை அடிப்பது போன்றது. முதல் லெவலில் நாம் எண்ண வேண்டியது ஒரு சுற்றில் எத்தனை கோப்ளின்கள் விழுகின்றன என்பதைத்தான். கிரேட்ஸ்வோர்ட் பட்டுவிட்டால் கோப்ளின் கிட்டத்தட்ட நிச்சயமாக விழும். ஆகவே ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ 54 சதவீத வாய்ப்பு உண்டு. டூயலிங் லாங்ஸ்வோர்டில் அது 49 சதவீதம். 6.65-க்கும் 5.45-க்கும் இடையே தெரிந்த பெரிய இடைவெளி இங்கே ஐந்து சதவீதமாகச் சுருங்கிவிடுவதைக் கவனியுங்கள்.

இப்போது ஃபீட்டுக்கு வருகிறேன். கிரேட் வெப்பன் மாஸ்டர் என்றதும் எல்லோரும் அட்டாக் ரோலில் 5-ஐக் குறைத்து டேமேஜில் 10-ஐக் கூட்டும் பகுதியை மட்டுமே பேசுகிறார்கள். கோப்ளினிடம் அதைச் செய்தால் உங்கள் வாய்ப்பு 55-லிருந்து 30 சதவீதமாக விழுகிறது, சராசரி 6.8 என்று சற்றே உயர்ந்து தெரிந்தாலும், விழும் கோப்ளின்களின் எண்ணிக்கை முன்பிருந்ததில் பாதியைவிடச் சற்றே கூடுதல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அதே ஃபீட்டில் இன்னொரு பகுதி இருக்கிறது: கைகலப்பு ஆயுதத்தால் ஓர் எதிரியை 0 ஹிட் பாயிண்டுக்கு இறக்கினாலோ கிரிட்டிக்கல் விழுந்தாலோ, போனஸ் ஆக்ஷனாக (அதே சுற்றில் கூடுதல் செயலாக) இன்னொரு முறை வெட்டலாம். பக்கத்தில் இரண்டாவது கோப்ளின் நின்றால், குறைப்பு ஏதுமின்றிச் சாதாரணமாக வீசியே ஒரு சுற்றுக்குச் சராசரியாக 0.84 கோப்ளின்களை வீழ்த்தலாம். இரண்டு ஷார்ட்ஸ்வோர்டுகளுக்கு இந்தக் கணக்கு 0.66 வரை மட்டுமே வருகிறது. ஆகவே ஃபீட்டை எடுங்கள். எடுத்ததற்காக ஒவ்வொரு முறையும் 5-ஐக் குறைக்காதீர்கள்.

ஸாம்பி வந்தால் அந்தக் குறைப்பைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அதன் ஆர்மர் கிளாஸ் 8, ஹிட் பாயிண்ட் 22. குறைத்து வீசினால் சராசரி 14.3, குறைக்காவிட்டால் 10.6. மேலும் 0-க்கு இறக்கும் அடி பட்ட ஸாம்பி விழாமல் நிற்க முயலும்போது, அந்த அடியின் டேமேஜோடு 5-ஐக் கூட்டிய எண்ணை எட்ட வேண்டும் என்பதால், அதனிடம் மிகையான டேமேஜும் வீணாவதில்லை.

குடியாத்தம் கிளெரிக் எழுதியது:

பாலாற்றங்கரை அண்ணன் சொன்ன கணக்கு சரியானது. ஆனால் அது ஃபைட்டர் தனியாக நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் குழுவில் கிளெரிக்கும் விசார்டும் இருக்கும்போது, உங்கள் டேமேஜில் பெரும்பங்கை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

கிளெரிக் பிளெஸ் மந்திரம் போட்டால் மூன்று பேருடைய ஒவ்வோர் அட்டாக் ரோலிலும் ஒரு நான்முகப் பகடை கூடும், சராசரி 2.5 என்றால் 55 சதவீதம் ஏறத்தாழ 67 ஆக உயர்கிறது. இது உங்களோடு நிற்பதில்லை, ரோக்குக்கும் சேர்கிறது. ரோக்கின் ஸ்னீக் அட்டாக்குக்கு (கூடுதல் டேமேஜ் தரும் தாக்குதலுக்கு) எதிரியின் ஐந்தடிக்குள் ஒரு தோழர் நின்றாலே போதும் என்பதால், நீங்கள் எந்த கோப்ளினின் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள் என்பதும் குழுவின் டேமேஜ் கணக்கில் வரும். இதை யாரும் தாளில் எழுதுவதில்லை. ஆனால் ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அறுமுகப் பகடை அதைச் சார்ந்தே இருக்கிறது.

விசார்டிடம் ஸ்லீப் (தூங்கவைக்கும் மந்திரம்) கட்டாயம் இருக்கட்டும். 2014 விதிகளில் அதற்கு அட்டாக் ரோலும் இல்லை, எதிரிக்கு சேவிங் த்ரோவும் (தப்பிக்க உருட்டும் பகடையும்) இல்லை. அது தூங்கவைக்கும் மொத்த ஹிட் பாயிண்டைத் தீர்மானிக்கும் ஐந்து எண்முகப் பகடைகளின் சராசரி 22.5, மூன்று கோப்ளின்களின் ஹிட் பாயிண்ட் 21. ஒரே மந்திரத்தில் மூன்று பேர் படுத்துவிடுவார்கள். முதல் லெவலில் எந்த வாளாலும் இதைச் செய்ய முடியாது.

கேடயம் வேண்டும் என்ற நண்பரை நான் தள்ளிவிட மாட்டேன். செயின் மெயில் கவசத்தோடு உங்கள் ஆர்மர் கிளாஸ் 16. கோப்ளின் உங்களை அடிக்கும் வாய்ப்பு 45 சதவீதம். கேடயம் இருந்தால் அது 35. உங்களிடம் 12 ஹிட் பாயிண்ட்தான் இருக்கும், ஓர் அடியின் சராசரி 5.5. கீழே விழுந்துவிட்ட ஃபைட்டரின் டேமேஜ் பூஜ்யம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் பிளெஸ், ஸ்லீப் இரண்டும் இருக்கும் குழுவில் கிரேட்ஸ்வோர்டை எடுக்கவே நான் சொல்வேன்.

சத்துவாச்சாரி வாள்வீரன் எழுதியது:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. கிரேட்ஸ்வோர்ட் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. பாலத்தைக் கடக்கும் வரை மதிலின் மேலிருக்கும் கோப்ளின்கள் எங்கள் மேல் அம்பு எய்வார்கள். அந்தச் சில சுற்றுகளில் நான் என்ன செய்வது?

ராணிப்பேட்டை வில்லாளர் எழுதியது:

தொடக்க உபகரணத்தில் இரண்டு ஹேண்ட் ஆக்ஸுகளுக்குப் (எறியும் கைக்கோடரிகளுக்குப்) பதிலாக லைட் கிராஸ்போவைத் (குறுக்குவில்லைத்) தேர்ந்தெடுங்கள். ஹேண்ட் ஆக்ஸ் இருபது அடிக்குமேல் டிஸட்வான்டேஜோடுதான் (இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துத்தான்) போகும். கிராஸ்போ எண்பது அடி வரை தடையின்றிப் போகும். கோப்ளினின் ஷார்ட்போவுக்கும் அதே எண்பது அடிதான். கேடயம் இல்லாத உங்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: கேடயத்தைக் கழற்றவும் மாட்டவும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆக்ஷன் செலவாகும், உங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

ஆனால் மதிலைப் பற்றி டி.எம்.-இடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் இடைவெளியிலிருந்து எய்பவர்களுக்கு முக்கால் மறைவு உண்டு என்று அவர் தீர்மானித்தால், அவர்களுடைய ஆர்மர் கிளாஸ் 15-லிருந்து 20 ஆகிவிடும். உங்கள் கிராஸ்போவுக்கு அப்போது 25 சதவீத வாய்ப்புதான் மிஞ்சும். அந்த இடத்தில் விசார்டின் மேஜிக் மிஸைல் மந்திரம் தவறாமல் போய்ச் சேரும். அதன் மூன்று அம்புகளையும் ஒரே கோப்ளினுக்குக் கொடுத்தால் அது அநேகமாக நிச்சயமாக விழும். கிளெரிக்கின் சேக்ரட் ஃபிளேம் மந்திரமும் மறைவைப் பொருட்படுத்தாது. அது அறுபது அடி வரை செல்லும். மேலே இருப்பவர்களை அவ்விருவரிடமும் விட்டுவிட்டு, நீங்கள் கிராஸ்போவை எடுக்காமல் டேஷ் செய்து (தாக்காமல் இரட்டிப்புத் தூரம் ஓடி) பாலத்தைக் கடந்துவிடுவதே நல்லது. ஸ்லீப்பை மட்டும் பாலத்தில் செலவழிக்க வேண்டாம்; வாயிலுக்குள் கோப்ளின்கள் நெருங்கி நிற்குமிடத்தில்தான் அதற்கும் உங்கள் ஃபீட்டின் இரண்டாவது வெட்டுக்கும் வேலை இருக்கிறது.