பரோலோ பாட்டிலில் தோட்டத்துப் பெயர் எதற்கு?

பந்தல்காரன், கூடலூர்:
நமக்குப் பன்னீர் திராட்சைதான் பிழைப்பு. மச்சான் இத்தாலியிலிருந்து வந்தபோது பரோலோ என்று ஒரு சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். தோட்டம், பழம் பிழிவது, பாட்டிலில் அடைப்பது எல்லாம் ஒரே குடும்பமாம். லேபிளில் பரோலோவுக்குக் கீழே ‘கன்னூபி’ என்று இருக்கிறது. பழம் பறித்த மேட்டின் பெயராம். இங்கே வியாபாரி வந்தால் என் பந்தல், பக்கத்துப் பந்தல் எல்லாம் ஒரே லோடில் ஏறி குமுளி தாண்டிப் போய்விடும். ஒரு தோட்டத்துப் பழத்தை மட்டும் பிரித்து வைத்து என்ன கண்டார்கள்? அப்புறம், நிறம் வெளிறிக் கிடக்கிறது, ஆனால் ஈறு வரைக்கும் துவர்க்கிறது. கெட்டுப்போன சரக்கா?

மலைச்சரிவு, ஆல்பா:
கெடவில்லை அண்ணே, பரோலோ செய்கிற நெபியோலோ திராட்சை அப்படித்தான். சாயம் கம்மி, துவர்ப்பு அதிகம். அதனால்தான் சட்டப்படி 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். 2020-இல் பறித்தது 2024-இல்தான் கடைக்கு வரும்.

இங்கே இத்தாலியில் ஆல்பா பக்கம் மொத்தம் 11 ஊர்களில்தான் பரோலோ செய்யலாம். செரலுங்கா பக்கத்து ஒயின் முரடு, லா மொர்ராவில் கொஞ்சம் சாது. மண் வேறு, சரிவு பார்க்கும் திசை வேறு. பனி எந்தச் சரிவில் முதலில் உருகுகிறதோ அதுதான் நல்ல இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1961-இலேயே வியெத்தி, ப்ருனோத்தோ போன்ற ஒயின் தயாரிப்பாளர்கள் தோட்டத்துக்குத் தனி பாட்டில் போட்டார்கள். கன்னூபி அதைவிடப் பழைய பெயர், 1752 என்று எழுதிய பாட்டிலே இருக்கிறது.

ஆனால் பிரித்தால்தான் உசத்தி என்று நினைக்க வேண்டாம். பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற பெயர்பெற்ற பரோலோ தயாரிப்பாளர் கடைசிவரை நாலு தோட்டத்துப் பழத்தையும் கலந்துதான் செய்தார். அந்தக் கலப்புக்கு இன்றைக்கும் அடிதடி.

குமுளிக்காரி:
எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயினில் பழத்துக்குச் சரிபாதி சர்க்கரை போடுவோம். அங்கே எவ்வளவு?

மலைச்சரிவு, ஆல்பா:
இத்தாலியில் சர்க்கரை சேர்க்கவே கூடாது அக்கா. பழத்தில் இருக்கிற இனிப்பு மட்டும்தான். விளைச்சலுக்கும் வரம்பு உண்டு: ஹெக்டேருக்கு 8 டன், நம் கணக்கில் ஏக்கருக்கு 3.2 டன்.

பந்தல்காரன், கூடலூர்:
3.2 டன்னா! என் பந்தலில் ஒரே வெட்டில் அதைத் தாண்டிவிடும். அந்த அளவில் நிறுத்திவிட்டு மூன்று வருஷம் பணம் வராமல் உட்கார்ந்திருக்க நம்மால் முடியுமா? உரக்கடைக்காரர் வாசலிலேயே நிற்பார். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் லோடு ஏறினால் எல்லாம் ஒரே கூடை. என் பந்தல் செம்மண், ஓடைக்கரைப் பந்தல் கரிசல், பழத்தைத் தின்றால் எனக்கே வித்தியாசம் தெரியும். கிலோ விலையில் அது தெரியாது.

குமுளிக்காரி:
சரி, மீதி இருக்கிற ஒயினை என்ன செய்தீர்கள்? கொழுப்புள்ள பீஃப் ஃப்ரையோடு குடித்தால் துவர்ப்பு அடங்கும். இங்கே வந்தால் நான் செய்து தருகிறேன், பாட்டிலோடு வாருங்கள்.

பந்தல்காரன், கூடலூர்:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். செக்போஸ்டில் கேட்டால் என்ன சொல்வது?