குன்னூர் வீட்டுக் குழு: மிளகு வாயில் நூல்

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஓடியது. பாட்டியும் அத்தையும் குன்னூரில், அப்பா கோவையில், சித்தப்பாவும் சித்தியும் சின்னாளபட்டியில், நான் சென்னையில். யாழினி அத்தை மகள், நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். மிளகு, பாயசம் இரண்டும் அத்தை வீட்டுப் பூனைகள். பாட்டி டைப் அடிக்க மாட்டார். போனிடம் பேசுவார், அது எழுதிக்கொள்ளும். புள்ளி, கமா எதிர்பார்க்காதீர்கள்.)

[காலை 7:04]

அத்தை: எல்லோரும் எழுந்தாச்சா? மிளகு வாயோரம் ஒரு நூல் தொங்குகிறது. அம்மா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் கை கூடத்தில் பிரிந்து கிடக்கிறது.

அத்தை: (போட்டோ)

அப்பா: எனக்குப் பின்னுகிற ஸ்வெட்டரா அது?

அத்தை: ஆமாம் அண்ணா. தம்பி நூற்று அனுப்பிய நூல்.

அப்பா: போச்சு.

அத்தை: மெதுவாக இழுத்தால் வந்துவிடும் போலிருக்கிறது. பாயசத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு இழுக்கிறேன்.

யாழினி: அம்மா இழுக்காதே

யாழினி: இழுக்காதே இழுக்காதே

யாழினி: போனை எடு

[காலை 7:11]

யாழினி: அம்மாவிடம் பேசிவிட்டேன், இழுக்கவில்லை. மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பூனை நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வாய்க்குள் போன நூலை அதனால் துப்பவே முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டால் மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே இருக்கும். பாவாடையில் நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் நூலின் மேல் சுருங்கும். கடைசியில் நூல் குடலையே அறுத்துவிடும். நாம் வெளியிலிருந்து இழுத்தாலும் அதேதான். பின்பக்கம் தொங்கினாலும் தொடக் கூடாது.

சித்தி: ஐயோ. அண்ணி, கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்துப் பாருங்களேன்?

யாழினி: வேண்டாம் அத்தை. எதுவும் கொடுக்கக் கூடாது. மயக்கம் கொடுக்க வேண்டிவந்தால் வயிறு காலியாக இருந்தால்தான் நல்லது. வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது.

நான்: வெளியே தெரிகிற நூலைக் கத்தரித்துவிடலாமா?

யாழினி: அதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும். வெட்டினால் முனை உள்ளே போய்விடும், அப்புறம் தேடித்தான் பிடிக்கணும். ஊட்டியில் எக்ஸ்ரே இருக்கிற கிளினிக்குக்குப் பேசிவிட்டேன், அம்மா கிளம்புகிறாள். எவ்வளவு நூல் உள்ளே போயிருக்கும் என்று தெரிந்தால் உதவும் என்கிறார் டாக்டர். பாட்டி, சொல்ல முடியுமா?

பாட்டி: நேத்து ராத்திரி அறுபத்திரண்டாவது வரிசையில் நிறுத்தினேன் நோட்டில் எழுதியிருக்கு இப்ப எண்ணினால் ஐம்பத்தெட்டு நாலு வரிசை போச்சு கையின் அகலம் ஒரு சாண் ஒரு வரிசைக்கு அகலத்தைப் போல மூணு பங்கு நூல் ஆகும் அப்ப நாலுக்குப் பன்னிரண்டு சாண் இருப்பா வரேன் பால்காரர்

அப்பா: பால்காரருக்கு எத்தனை சாண் அம்மா?

யாழினி: பெரிய மாமா, ப்ளீஸ்.

பாட்டி: உருண்டையிலிருந்து அறுந்தது கடைசிக் கண்ணிக்குப் பக்கத்திலேயே அதனால் அந்தப் பக்கம் நஷ்டம் இல்லை தரையில் கிடந்த துண்டெல்லாம் பொறுக்கிட்டேன் அஞ்சு துண்டு நெளிவை நீவிவிட்டு அளந்தேன் பத்தே முக்கால் சாண் ஒன்றேகால் சாண் குறையுது

சித்தப்பா: அம்மா, நன்றாக நீவினீர்களா? அது ஒற்றைப் புரி நூல், இழுத்தால் நீளும்.

பாட்டி: நீளலைடா அறுந்துபோகுது

யாழினி: ஒன்றேகால் சாண் என்றால் சுமார் 28 செ.மீ. டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். அம்மா, ஒரு துண்டு நூலையும் கையோடு எடுத்துப் போ. எவ்வளவு தடிமன், எவ்வளவு வழுக்கும் என்று பார்ப்பார்கள்.

நான்: பாட்டி, நீங்கள் எங்கள் காலேஜில் கணக்கு எடுத்திருக்கலாம்.

[காலை 8:26]

அத்தை: அருவங்காடு தாண்டிவிட்டோம். கேத்தி பக்கம் வண்டி நகரவே இல்லை. இ-பாஸ் வந்தும் சீசனில் இவ்வளவு கார். மிளகு கூடைக்குள்ளிருந்து கத்துகிறது. கத்தட்டும், கத்தும் வரைக்கும் எனக்குத் தைரியம்.

அப்பா: தம்பி, ஒரு சந்தேகம். அம்மா இத்தனை வருஷமாகக் கடை உல்லனில் பின்னுகிறார்கள். மிளகு அதை உருட்டி விளையாடும், தின்றதில்லை. உன் நூலில் அப்படி என்ன இருக்கிறது?

சித்தப்பா: ஆடு இருக்கிறது. நீலகிரி செம்மறி. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா பக்கம் ஆடு வளர்ப்பவர் ஒருவர் ஒரு பை ரோமம் கொடுத்தார். கழுவினால் எடையில் பெரும்பங்கு அழுக்கும் கொழுப்புமாகப் போய்விட்டது. கொழுப்பை முழுசாக எடுக்காமல் விட்டேன், கொஞ்சம் இருந்தால்தான் நூற்கும்போது இழை வழுக்கிக்கொண்டு வரும்.

அப்பா: ஆக, பூனைக்கு மட்டன் வாசனையோடு நூல் அனுப்பியிருக்கிறாய்.

சித்தப்பா: அண்ணா, அது சாதாரண ஆடு இல்லை. வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைக் கொண்டுவந்து நம் கோயம்புத்தூர் ஆட்டோடு சேர்த்து உண்டான இனம். மலைக்குளிரில் மெல்லிய ரோமம் தருகிற ஆடு தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். இப்போது எண்ணிக்கை குறைந்துபோய், கால்நடைப் பல்கலைக்கழகம் சாண்டிநல்லாவில் வைத்துப் பாதுகாக்கிறது.

யாழினி: சின்ன மாமா சொல்வது சரி, எங்களுக்குப் பாடத்தில் வரும். ஆனால் பெரிய மாமா சொல்வதிலும் விஷயம் இருக்கலாம். சில பூனைகள் கம்பளியைச் சப்பும், மெல்லும். சயாமிஸ் போன்ற வகைகளில் அதிகம். தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிகளிடமும் பார்க்கலாம். மிளகை அம்மா தேயிலைத் தோட்டத்து மழையில் எடுத்துவந்தபோது கண்ணே சரியாகத் திறக்கவில்லை.

நான்: அப்படியென்றால் நான் போன வருஷம் ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய 'சுத்தக் கம்பளி'யை மிளகு மோந்துகூடப் பார்க்காததற்குக் காரணம்?

பாட்டி: ஒரு நுனியைக் கொளுத்திப் பார் கண்ணு

நான்: இருங்கள் பாட்டி.

நான்: கொளுத்தினேன். உருகிச் சொட்டியது. நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி ஒன்று உருண்டு நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்றம்.

பாட்டி: அக்ரிலிக் அது நிஜக் கம்பளின்னா முடி பொசுங்குற வாடை வரும் தீயை எடுத்ததும் தானே அணையும் சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும் அந்தக் கடைக்காரன்கிட்ட நான் அன்னைக்கே கேட்டேன் அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான்

அப்பா: அக்ரிலிக்காக இருந்தால் என்ன, அது தொவைக்கத் தாங்கும். அம்மா பின்னிய நிஜக் கம்பளி ஸ்வெட்டரை ஒரு தடவை இவள் அம்மா வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டாள். வெளியே எடுத்தால் பாயசத்துக்குத்தான் சரியாக இருந்தது.

சித்தி: அண்ணி எங்கே இருக்கிறீர்கள்?

அத்தை: லவ்டேல். நகர்கிறது.

சித்தி: இங்கே ஒரு புகார் சொல்லணும். அந்த ரோமத்தைச் சிக்கெடுக்க இவர் எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? போன தடவை குன்னூர் வந்தபோது மிளகுக்கு முடி வாரும் கம்பி பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தை: அதைத்தான் நான் வீடு பூராவும் தேடினேன்!

சித்தப்பா: அக்கா, கம்பளி வாரும் பலகை என்ன விலை தெரியுமா? பூனை பிரஷ்ஷிலும் அதே வளைந்த மெல்லிய கம்பிதான். இரண்டை எதிரெதிராக வைத்து வாரினால் இழை பஞ்சுமாதிரி வருகிறது.

யாழினி: அப்படியென்றால் அந்த நூலில் மிளகின் முடியும் சேர்ந்திருக்கிறது.

அப்பா: தன் சொத்தைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. கேஸ் நிற்காது.

அப்பா: காந்தி 1929-ல் நல்ல ராட்டை கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று போட்டி வைத்தார். தம்பி நூலைப் பார்த்திருந்தால் அறிவிப்பையே வாபஸ் வாங்கியிருப்பார்.

சித்தப்பா: அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை அண்ணா, நிபந்தனைகள் அவ்வளவு கடுமை. பிற்பாடு அம்பர் சர்க்கா என்ற மேம்பட்ட ராட்டையைக் கொண்டுவந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர், ஏகாம்பரநாதன். அதெல்லாம் பருத்திக்கு. நாங்கள் பள்ளிக்கூடத்தில் தக்ளியில், அதாவது கையால் சுழற்றும் கதிரில், நூற்றதும் பருத்திதான். பருத்தி இழை குட்டை, முறுக்கு நிறைய ஏற்ற வேண்டும். கம்பளி இழை நீளம், கொஞ்ச முறுக்கே போதும். என் கை பருத்திக்குப் பழகியது, அதைத் தளர்த்துவதற்கே சில மாசம் ஆயிற்று. ஓரிடத்தில் முறுக்கு ஏறிச் சுருண்டுகொள்ளும், அடுத்த இடத்தில் முறுக்கே இல்லாமல் பொசுக்கென்று அறும்.

பாட்டி: தெரியும்டா பின்னினவள் நான்

[காலை 9:48]

அத்தை: வந்துவிட்டோம். உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். பாட்டியின் கணக்கைச் சொன்னதும் டாக்டர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

யாழினி: வாயைத் திறந்து நாக்குக்கு அடியில்தான் முதலில் பார்ப்பார்கள்.

[காலை 11:20]

அத்தை: எடுத்தாகிவிட்டது. 🙏

அத்தை: மயக்கம் கொடுத்து வாயைத் திறந்தால் நாக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்ததாம். அதை வெட்டி விடுவித்து எடுத்துவிட்டார்கள். மறுமுனை வயிறு வரை போகவில்லை. எக்ஸ்ரேயில் நூல் தெரியாதாம், குடல் எங்காவது சுருண்டு மடிந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அப்படி எதுவும் இல்லை. காலையில் நான் இழுத்திருந்தால் நாக்கடியே கிழிந்திருக்கும் என்றார்.

நான்: அப்பாடா!

சித்தி: பழனி முருகா. மொட்டை வேண்டிக்கொண்டேன், பூனைக்கு இல்லை, இவருக்கு.

பாட்டி: எத்தனை சாண்

அத்தை: ஸ்கேல் வாங்கி அளந்தேன் அம்மா. இரண்டு துண்டும் சேர்த்து, வெளியே தொங்கியதோடு 27 செ.மீ.

அப்பா: ஒரு சென்டிமீட்டர் உதைக்கிறதே?

பாட்டி: சாண் கணக்குடா அது உன் கையை வைத்தால் இன்னும் உதைக்கும்

யாழினி: சரியாக வந்திருக்கிறது, கவலையில்லை. அம்மா, இரண்டு மூன்று நாள் கவனி. சாப்பிடுகிறதா, வாந்தி எடுக்கிறதா, மண் தட்டில் சரியாகப் போகிறதா என்று பார். சாப்பிடாமல் மூலையில் போய்ப் படுத்தால் உடனே திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

சித்தப்பா: ஒன்றை யாரும் சொல்லவில்லை. என் நூல் திடமாக இருந்திருந்தால் பன்னிரண்டு சாணும் அறுபடாமல் உள்ளே போயிருக்கும். அஞ்சு துண்டாக அறுந்ததால்தான் மிளகு பிழைத்தது.

அப்பா: நூற்பு வரலாற்றிலேயே அறுந்ததற்குப் பெருமைப்படுகிற முதல் ஆள்.

யாழினி: உண்மையில் சின்ன மாமா சொல்வது சரிதான்.

பாட்டி: சரி இருக்கட்டும் ஆனால் மிச்சக் கைக்கு இரட்டைப் புரியாகக் கொடு பூனைக்காக நான் ஸ்வெட்டர் கிழிய விட முடியாது

சித்தப்பா: செய்கிறேன் அம்மா. தக்ளியை வலப்பக்கம் சுற்றி நூற்றதை இரண்டாகச் சேர்த்து இடப்பக்கம் சுற்ற வேண்டும். அப்போது முறுக்கு சமமாகி நூல் சுருண்டுகொள்ளாது. ஆனால் தடிமன் கூடும்.

பாட்டி: அப்ப ஒன்பதாம் நம்பர் ஊசி ஆகாது எட்டு எடுக்கணும் நம்பர் குறைஞ்சால் ஊசி தடிமன் ஒரு கை ஒன்பது ஒரு கை எட்டா பிரிச்சு முதலிலிருந்து பின்னணும்

அப்பா: அம்மா, அடுத்த குளிருக்குள் கிடைக்குமா?

பாட்டி: எந்த வருஷக் குளிர்னு கேள்

சித்தி: அண்ணி, நூல் பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு வையுங்கள். பூச்சியும் வராது, பூனையும் கிட்டே வராது.

யாழினி: நாப்தலின் பூனைக்கு விஷம் அத்தை, அந்த ஆவிகூட நல்லதில்லை. நூலை நன்றாக வெயிலில் காயவைத்து மூடி இறுகும் டப்பாவில் போட்டாலே போதும்.

அத்தை: குன்னூரில் வெயிலுக்கு எங்கே போவது?

பாட்டி: பின்னும்போது உருண்டையை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிப் பக்கத்தில் நூலை மட்டும் வெளியே விடுவேன் அந்தக் காலத்தில் அப்படித்தான் அந்தத் தூக்கில் இப்ப இவள் இட்லி மாவு வச்சிருக்காள்

அத்தை: காலி பண்ணித் தருகிறேன் அம்மா. முடித்து எழுந்ததும் பின்னலையும் அதற்குள்ளேயே போட்டு மூடிவிடுங்கள். பில் கட்டப் போகிறேன். எக்ஸ்ரே, மயக்கம், எல்லாம் சேர்த்துக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. மூன்றாகப் பிரிக்கலாமா?

அப்பா: நூற்றவன் பாதி கொடுக்கட்டும்.

சித்தப்பா: அப்படிப் பார்த்தால் பின்னியவர்?

பாட்டி: போட்டுக்கப் போறவன் கொடுக்கட்டும்

அப்பா: ஜிபே நம்பரை அனுப்பும்மா.