குடைசாய்ப்பு: 70-33 ஆட்டத்துக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய கட்டுரையில் 'அப்செட்' என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணி தோற்பதுதான் அப்செட். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை ஓர் ஆட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

ஆட்டம் 2012 ஜனவரி 4 அன்று மயாமி பக்கத்தில் நடந்த ஆரஞ்சு பௌல். பருவ முடிவில் தேர்ந்த அணிகள் மோதும் சிறப்பு ஆட்டங்களைப் பௌல் என்பார்கள். மோதியவை கிளெம்சன், வெஸ்ட் வர்ஜீனியா என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள். கிளெம்சன் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தன் அணிக்குழுவின் ('கான்ஃபரன்ஸ்') பட்டத்தை வென்றுவிட்டு வந்திருந்தது. தரவரிசையில் 23ஆம் இடத்தில் இருந்த வெஸ்ட் வர்ஜீனியாவைவிட அது மேலே இருந்தது. பந்தயக் கணிப்பும் சிறிய வித்தியாசத்தில் கிளெம்சன் பக்கம்தான். முதல் கால்பகுதி முடிந்தபோது 17-14 என்று கிளெம்சனே முன்னிலை.

இரண்டாம் கால்பகுதியில் வெஸ்ட் வர்ஜீனியா 21-17 என்று முந்தியது. கிளெம்சன் விடவில்லை, கோல் கோட்டுக்கு மூன்றே கெஜம் வரை வந்துவிட்டது. கிளெம்சனின் ஆண்ட்ரே எலிங்டன் பந்தோடு கூட்டத்துக்குள் பாய்கிறார். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து வெஸ்ட் வர்ஜீனியாவின் டார்வின் குக் பந்தை உருவிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறார். 99 கெஜம், துரத்தியவர் யாருக்கும் எட்டவில்லை. ஓடிப் போன வேகத்தில், எல்லைக்கு அப்பால் ஆரஞ்சுப்பழ வேடம் போட்டு நின்றிருந்தவரையும் சேர்த்துக் கீழே தள்ளிவிட்டார். கிளெம்சன் 24-21 என்று முந்தியிருக்க வேண்டிய இடத்தில் கணக்கு 28-17 ஆனது. இடைவேளையில் 49-20. அந்த ஒரு கால்பகுதியில் மட்டும் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு 35 புள்ளி. முடிவில் 70-33. வெஸ்ட் வர்ஜீனியாவின் ஜீனோ ஸ்மித் எறிந்த பந்துகளில் ஆறு டச்டவுன், அதாவது பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது. அவற்றில் நான்கைப் பிடித்தவர் டேவன் ஆஸ்டின். அதுவரை எந்த பௌல் ஆட்டத்திலும் ஓர் அணி 70 புள்ளி எடுத்ததில்லை.

இதற்கு என்ன சொல்?

> 'அதிர்ச்சித் தோல்வி' நாளிதழ்களில் ஏற்கெனவே இருக்கிறது. போதாதா?

போதாது ஐயா. அது தோற்றவன் மனநிலையை மட்டும் சொல்கிறது. வென்றவனுக்கு அதில் இடமே இல்லை. "வெஸ்ட் வர்ஜீனியா கிளெம்சனை..." என்று வாக்கியத்தைத் தொடங்கினால் "அதிர்ச்சித் தோல்வி அடையச் செய்தது" என்று இழுத்துத்தான் முடிக்க வேண்டும். அப்படியே 'அப்செட்' என்று எழுதலாம் என்றால், நம் பேச்சில் அந்தச் சொல் வருத்தமாக இருப்பதற்குப் போய்விட்டது. "கிளெம்சன் அப்செட்" என்று எழுதினால் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டது போல இருக்கும்.

> 'ஒருதலைப்பட்ச வெற்றி' என்று போடலாமே.

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒருதலைப்பட்சம் என்றால் நம் காதில் விழுவது பாரபட்சம். நடுவர் மேல் பழி வந்துவிடும். அந்த ஆட்டத்தில் நடுவர் செய்தது ஒன்றுமில்லை.

> 'கவிழ்ப்பு'?

இது நல்ல சொல். கவிழ்ந்தது என்றால் தன்வினை, கவிழ்த்தது என்றால் பிறவினை. தோற்றவனுக்கும் வென்றவனுக்கும் ஒரே வேரில் வினை கிடைக்கிறது. 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்பதில் உள்ள சூழ்ச்சி வாடை ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நண்பர் பயப்படுகிறார். அந்த வாடை முன்னால் நிற்கும் 'ஆட்சி'யிலிருந்து வருவது. படகு கவிழ்ந்தது என்பதில் சூழ்ச்சி ஏது?

ஆனால் கவிழ்ப்பில் அளவு இல்லை. 2007 செப்டம்பரில் கீழ்ப் பிரிவு அணியான அப்பலாச்சியன் ஸ்டேட், பலம் வாய்ந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில் 34-32 என்று வென்றது. கடைசி நொடிகளில் மிச்சிகனின் உதையைத் தடுத்துக் கிடைத்த வெற்றி. அது பௌல் ஆட்டம் இல்லை, ஆனால் கவிழ்ப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதையும் 70-33ஐயும் ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அளவு மட்டும் இருந்தாலும் ஆகாது. 2023 டிசம்பர் 30 அன்று அதே ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா, ஃப்ளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று அடித்தது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முக்கிய வீரர்கள் பலர் ஆடவே வரவில்லை, ஜார்ஜியா வெல்லும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதற்கு 'படுதோல்வி' போதும்.

எதிர்பாராத தோல்வி, பெரிய வித்தியாசம் இரண்டும் சேர வேண்டும். அதற்கு நான் முன்வைப்பது குடைசாய்ப்பு.

பாரம் ஏற்றிய வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து விழுவதைக் குடைசாய்ந்தது என்கிறோம். லாரி குடைசாய்ந்தது என்று வாரம் ஒரு செய்தியாவது படிக்கிறோம். ஒரு பக்கச் சரிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காலி வண்டியைவிடப் பாரவண்டிக்கே அது பொருந்துகிறது. எதிர்பார்ப்பைச் சுமந்து வந்த அணிக்கும் அப்படியே. அப்புறம், குடை என்றதும் எனக்கு வெண்கொற்றக் குடையும் நினைவுக்கு வருகிறது. மேலே இருந்தவன் விழுந்தான் என்பதற்கு அதுவும் துணை நிற்கும்.

இன்னொரு ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2007 ஜனவரியில் தேசியப் பட்டப் போட்டிக்குத் தோல்வியே காணாமல் முதலிடத்தில் வந்தது ஒஹையோ ஸ்டேட். முதல் உதையையே டெட் கின் 93 கெஜம் திருப்பி ஓடி டச்டவுன் ஆக்கினார். அதன் பிறகு முழு ஆட்டத்திலும் அந்த அணி தாக்குதலில் எடுத்தது 82 கெஜம்தான். ஃப்ளோரிடா 41-14 என்று வென்றது. "ஃப்ளோரிடா ஒஹையோ ஸ்டேட்டைக் குடைசாய்த்தது." எழுதிப் பார்த்தேன், வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது.

விபத்து வாடை வரும் என்று யாராவது சொல்லக்கூடும். குடைசாய்ந்தது என்று மட்டும் எழுதினால் வரும்தான். குடைசாய்த்தது என்னும்போது சாய்த்தவன் ஒருவன் வந்துவிடுகிறான். ஆகவே தலைப்புகளில் பிறவினையையே முதலில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கடைசியாக, 'பௌல்' பற்றி. கிண்ணம் என்று மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கைத் தமிழில் உலகக் கிண்ணம் என்றால் கோப்பை. இங்கே பௌல் என்பது கோப்பையைக் குறிக்கவில்லை, கிண்ண வடிவில் கட்டிய அரங்கிலிருந்து வந்த பெயர். 'பௌல் ஆட்டம்' என்றே இருக்கட்டும்.

சரி, கவிழ்ப்பு, குடைசாய்ப்பு இரண்டையும் இந்த மாதச் சொற்பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். அந்தச் சொல்லை 70-33க்கும் 34-32க்கும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதிக் காட்டினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.