டி.எல்.டி-ல 7.4 வந்திருக்கு, அவசரம்!!

கதிர்_கத்துக்குட்டி:
டி.எல்.டி (நம்ம மேல பட்ட கதிர்வீச்ச அளக்குற பேட்ஜ்) ரிப்போர்ட் வந்திருக்கு. எனக்கு மட்டும் 7.4. கூட இருக்கிற எல்லாருக்கும் 0.1-க்குள்ள. நாளைக்கு ஆர்.எஸ்.ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) கிட்ட விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். நான் எந்தத் தப்பும் பண்ணல. மறுபடி ரீடிங் எடுக்கச் சொல்லலாமா? வீட்ல சொல்லல, பயமா இருக்கு.

புக்கி_ஸ்டாண்டு:
7.4 என்ன, மில்லிசீவர்ட்டா (கதிர்வீச்சு டோஸ் அளவு)? மூணு மாசத்துக்கா, வருஷ மொத்தமா? போஸ்டிங் எங்க? ஜெனரல் எக்ஸ்ரேவா, ஆபரேஷன் தியேட்டர் சி-ஆர்மா, இதய கேத் லேபா? 18 வயசு ஆச்சா? அதுக்குக் கீழ இருந்தா வருஷ லிமிட்டே 6 தான். இதெல்லாம் சொல்லுங்க தம்பி.

ட்யூப்_டாக்டர்:
சந்தேகமே வேணாம், ட்யூப் ஹவுசிங் லீக்கேஜ், எக்ஸ்ரே ட்யூப் உறையில இருந்து கதிர் கசியுது. 1 மீட்டர்ல மணிக்கு 1 மில்லிகிரேக்கு மேல கசியக் கூடாது. மெஷினோட க்யூ.ஏ (தரப் பரிசோதனை) ரிப்போர்ட்டக் கேளுங்க.

டார்க்ரூம்_சீனியர்:
ரேடியோகிராஃபி படிக்கிற பிள்ளைக்கு டி.எல்.டி எப்படி வேலை செய்யுதுன்னே தெரியல, என்னத்தச் சொல்ல. கால்சியம் சல்ஃபேட்-டிஸ்ப்ரோசியம் தகட்டைச் சூடாக்கினா, உள்ள மாட்டிக்கிட்ட எலக்ட்ரான் விடுபட்டு வெளிச்சம் வரும். அத அளந்துதான் டோஸ். படிச்சாச்சுன்னா தகடு காலி. மறுபடி எதைப் படிக்கிறது? லீக்கேஜ்னா கூட நிக்கிறவங்களுக்கும் ஏறியிருக்கணும் டாக்டரே.

பேரியம்_மீல்:
வெயில்ல பைக் டிக்கில விட்டீங்களா? எங்க பேட்ச்ல ஒருத்தன் சட்டையோட சேர்த்துத் துவைச்சே போட்டான்.

புக்கி_ஸ்டாண்டு:
சூடு பட்டா பதிஞ்ச டோஸ் குறையத்தான் செய்யும், ஏறாது.

கதிர்_கத்துக்குட்டி:
மில்லிசீவர்ட்தான், ஒரு குவார்ட்டருக்கு. ஜெனரல் எக்ஸ்ரே மட்டும். வயசு 19. தம்பி இல்லண்ணா, பொண்ணு. பேட்ஜ மறந்துடக் கூடாதுன்னு எப்பவும் ஈய ஏப்ரன்லயே குத்தி வச்சிருப்பேன்.

புக்கி_ஸ்டாண்டு:
ஏப்ரன் எங்கம்மா தொங்குது?

கதிர்_கத்துக்குட்டி:
எக்ஸ்ரே ரூமுக்குள்ள, செஸ்ட் ஸ்டாண்டு (நெஞ்சுப் படம் எடுக்க நோயாளி நிக்கிற இடம்) பக்கத்துக் கொக்கில.

புக்கி_ஸ்டாண்டு:
அப்ப அங்கதான் விஷயம். ஒரு நாளைக்கு 60 செஸ்ட், 75 நாள்னு வைங்க, 4500 படம். 7400 மைக்ரோசீவர்ட்ட அதால வகுத்தா படத்துக்கு 1.6 சொச்சம். நோயாளி மேல பட்டுச் சிதறுற ஸ்கேட்டரோட, காலிமேட்டர (பீம் அகலத்தக் கட்டுப்படுத்துற கதவு) அகலமாத் திறந்து வச்சா பீம் ஓரமும் சேர்ந்து அவ்வளவு தூரத்துல அது வரும். நீங்க கண்ணாடிக்குப் பின்னாடி நின்னீங்க, உங்க பேட்ஜ் மூணு மாசம் உள்ளயே டூட்டி பார்த்திருக்கு.

உள்ளத உள்ளபடி எழுதுங்க: எந்தக் கொக்கி, எத்தனை நாள், நீங்க எங்க நின்னீங்க. 5 வருஷ சராசரில ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30 தாண்டக் கூடாது. இந்த 7.4 அதுக்குள்ளதான். இனிமே டூட்டி முடிஞ்சதும் கழட்டி, கண்ட்ரோல் பேட்ஜ் (யாரும் போடாம, ஒப்பிட வைக்கிற பேட்ஜ்) இருக்கிற இடத்துல, ரூமுக்கு வெளிய வைங்க.

டார்க்ரூம்_சீனியர்:
அதோட ஏப்ரனுக்கு உள்ள, நெஞ்சு மட்டத்துல குத்தணும். இவங்க வெளிய குத்தியிருப்பாங்க.

ஃப்ளூரோ_ராணி:
காலர்ல, ஏப்ரனுக்கு வெளியன்னுதான் எங்க புத்தகத்துல இருக்கு.

டார்க்ரூம்_சீனியர்:
அது அமெரிக்கப் புத்தகம்மா. இங்க ஏ.இ.ஆர்.பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) சொல்றதுதான்.

ஃப்ளூரோ_ராணி:
சரி சார், உள்ள குத்தினா கண்ணுக்குப் போறத எது காட்டும்? ஐ.சி.ஆர்.பி (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) 2011-லயே கண் லென்ஸ் லிமிட்ட 150-ல இருந்து 20-க்கு இறக்கிடுச்சு. கேத் லேப்ல ஒரு வாரம் நின்னுட்டு வந்து பேசுங்க.

டார்க்ரூம்_சீனியர்:
நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே நான் ஃப்ளூரோ (தொடர்ந்து ஓடுற எக்ஸ்ரே) பண்ணவன்.

ட்யூப்_டாக்டர்:
எதுக்கும் லீக்கேஜ் ஒரு தடவை பார்த்துடுங்க.

கதிர்_கத்துக்குட்டி:
எழுதிக் குடுத்துட்டேன். கொக்கிய வெளிய மாத்திட்டாங்க. தேங்க்ஸ் அண்ணா.

ஃப்ளூரோ_ராணி:
கண்ணுக் கேள்விக்கு இன்னும் பதில் வரல சார்.