சப்பாத்தைக் கழற்றாத அக்கா மகன்

கேள்வி (பஹாவ்):
அக்காவின் விவாகரத்து வழக்கு சிரம்பான் உயர் நீதிமன்றத்தில் மூன்றாவது வருடமாக இழுக்கிறது. மகனுக்கு 9 வயது. அப்பா வரும் சனிக்கிழமைகளில் காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நிற்பான். அவர் வராவிட்டால் இரவு வரை சப்பாத்தைக் கழற்ற மாட்டான். தீபாவளிக்கு அக்காவும் அவரும் ஆளுக்கொரு சட்டை வாங்கினார்கள், இரண்டையும் போடவில்லை. என்ன செய்வது?

பதில்:
இருவரும் சம்மதித்தால் மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விவாகரத்துக்குக் கூட்டு மனு போடலாம். பிள்ளை சுயமாகச் சொல்லும் வயதென்றால் யாரிடம் வளர்வது என்பதில் 88ஆம் பிரிவு அவன் விருப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. அதற்காக இப்போதே பாடம் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்!

பதில்:
சட்டம் கிடக்கட்டும் தம்பி. என் பெற்றோர் வழக்கின்போது, "அப்பா என்ன சொன்னார்?" என்று பாட்டி தினமும் கேட்பார். நான் பொய் சொல்லப் பழகினேன். அவனிடம் எதையும் விசாரிக்காதீர்கள். அப்பா வராத நாளில் மோட்டாரில் ஏற்றி ரொட்டி சானாய் வாங்கிக்கொடுங்கள்.

கேட்டவர்:
சரி அக்கா. நானும்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.